சொத்து விவரத்தில் மகன் இல்லை

கேள்வி:

வணக்கம் மேடம். நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வயது 63. திண்டுக்கல் பக்கம். ஒரே மகன், வயது 28, கோவையில் ஐடி வேலை. வேறு சமூகத்துப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பெற்று, வளர்த்து, படிக்கவைத்து ஆளாக்கிய எனக்கு இதில் உரிமை இல்லையா? நான் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. தாத்தா வழியில் வந்த 2 ஏக்கர் 40 சென்ட் தென்னந்தோப்பும் இருக்கிறது. (தாத்தா 1951-ல் இறந்தார். 1974-ல் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துப் பதிவு செய்தார்கள். அப்பா 2003-ல் உயில் எழுதாமல் காலமானார். ஒரே தங்கைக்கு 1992-ல் 25 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது.) மகனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிட்டு, வீடு, தோப்பு இரண்டையும் என் பேச்சைக் கேட்டு நடக்கும் மச்சினன் மகன் பெயருக்கு எழுதிவைக்க நினைக்கிறேன். முடியுமா? என் சொத்து, என் பிள்ளை. நான் முடிவெடுக்கக் கூடாதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

ஐயா,

உங்கள் கடைசி வரிகளில் இரண்டு 'என்' இருக்கிறது. என் சொத்து, என் பிள்ளை. பேச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். வக்கீல் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தப் பேப்பர் விளம்பரம். காசைக் கரியாக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப் பைக்குள் கைவிட்டு, லேமினேட் செய்த ஒரு சின்னத் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். கட்டம் கட்டிய ஆறு வரி. இன்று முதல் என் மகனுக்கும் எனக்கும் எவ்வித சம்பந்தமும் இல்லை, அவனுடைய கொடுக்கல் வாங்கலுக்கு நான் பொறுப்பல்ல. பதினோரு வருடமாகப் பையிலேயே கிடந்ததில் ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. உயில் எழுதினீர்களா என்று கேட்டேன். "அதான் பேப்பர்லயே போட்டாச்சேம்மா" என்றார். அவர் அப்படியே கண்ணை மூடியிருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த மகன் முதல் வகுப்பு வாரிசு. மனைவிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் என்ன பங்கோ அதே பங்கு அவனுக்கும் போயிருக்கும். விளம்பரம் கொடுத்துப் பிள்ளையை வாரிசுப் பட்டியலிலிருந்து அடித்துவிட நம் சட்டத்தில் வழி கிடையாது. ஊர் வாய்க்குத் தீனி கிடைக்கும், அவ்வளவுதான்.

வீட்டைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது. உங்கள் சம்பளத்தில், உங்கள் பெயரில் வாங்கிய மனையில் கட்டியது என்றால் அது சுயசம்பாத்தியம். மச்சினன் மகனுக்கு எழுதலாம், கோயிலுக்கு எழுதலாம், எதிர்வீட்டுக்காரருக்கும் எழுதலாம். உயிலுக்கு வெள்ளைத் தாளே போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்வது நல்லது. பெற்றோர் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் வளர்ந்த மகன் தங்குவதுகூட அவர்கள் அனுமதியின் பேரில்தான், உரிமையின் பேரில் அல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016-ல் சொல்லியிருக்கிறது. ஆக, 'என் வீட்டில் இருக்கும்வரை' என்று நீங்கள் தொடங்கும் வாக்கியத்துக்குச் சட்டத்தில் கொஞ்சம் ஆதரவு உண்டு.

இந்தச் சுதந்திரம் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. உங்கள் தெருவில் முஸ்லிம் நண்பர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், வாரிசுகள் சம்மதிக்காமல் அவரால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. பிரான்சில் ஒரே பிள்ளை என்றால் பாதிச் சொத்து அந்தப் பிள்ளைக்கென்றே ஒதுங்கிவிடும். இரண்டு பிள்ளைகள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதற்கு மேல் என்றால் நான்கில் மூன்று பங்கு. புரட்சிக் காலத்தில், 1793-ல், பிள்ளைகளுக்குள் பாரபட்சம் காட்டி உயில் எழுதும் அதிகாரத்தையே அங்கே பிடுங்கிவிட்டார்கள். புதிய அரசை ஆதரிக்கும் மகனைப் பழைய அரசை ஆதரிக்கும் அப்பா சொத்தைக் காட்டி மிரட்டுவார் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். இங்கிலாந்தில் உங்களைப் போலவே சுதந்திரம் உண்டு, ஆனால் அதன் கதையையும் கேளுங்கள். 17 வயதில் காதலனோடு போய்விட்ட மகளுக்கு ஒன்றும் கிடையாது என்று எழுதிவைத்து ஒரு தாய் 2004-ல் இறந்தார். சுமார் 4,86,000 பவுண்டு சொத்தில் பெரும்பகுதி பிராணிகள் நல அமைப்புகளுக்கு. மகள் வழக்குப் போட்டார். 2017-ல் உச்ச நீதிமன்றம்வரை போய், அவருக்கு 50,000 பவுண்டு என்று முடிந்தது. தாயின் கோபம் 26 வருடம், அதன்பிறகு கோர்ட் வாசல் 10 வருடத்துக்கு மேல்.

இப்போது தோப்பு. இங்கே உங்கள் கடிதம் உங்களுக்கே எதிராகச் சாட்சி சொல்கிறது.

பூர்வீகச் சொத்து என்று நம் ஊரில் பலரும் சொல்வது சட்டப்படி பூர்வீகமாக இருப்பதில்லை. அப்பா 1956-க்குப் பிறகு தன் அப்பாவிடமிருந்து வாரிசாகப் பெற்றதெல்லாம் பெரும்பாலும் அவருடைய தனிச்சொத்துதான். உங்கள் கதை அப்படியில்லை. தாத்தா 1951-லேயே போய்விட்டார். அதனால் நீங்கள் பிறந்த அன்றே அந்தத் தோப்பில் உங்களுக்கு உரிமை உண்டாகிவிட்டது. 1974 பாகப்பிரிவினையில் அப்பா பங்குக்கு வந்தது அவருடைய பிள்ளைகளைப் பொறுத்தவரை குடும்பச் சொத்தாகவே தொடர்ந்தது. அதே முறையில் உங்கள் மகனும், பிரசவ ஆஸ்பத்திரியில் கண் விழிக்காமல் கிடந்தபோதே, பங்குக்காரன் ஆகிவிட்டான். நீங்கள் கொடுத்து அவனுக்கு வரவில்லை, உங்களால் எடுக்கவும் முடியாது. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே பாகம் கேட்டு அவன் வழக்குப் போடலாம். உங்கள் பங்கை மட்டும் நீங்கள் யாருக்கும் உயில் எழுதலாம்.

அடுத்து, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்ட தங்கை.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அறுபது வருடம் கழித்து, கலைஞர் முதல்வராக இருந்தபோது, தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. 1989 மார்ச் 25 அன்று மணமாகாமல் இருந்த மகளுக்கு, குடும்பச் சொத்தில் மகனைப் போலவே பிறப்பால் பங்கு. உங்கள் தங்கைக்கு 1992-ல் கல்யாணம். அதாவது அந்தத் தேதியில் அவர் உங்கள் வீட்டில் தாவணி போட்ட பெண்ணாக இருந்தார். 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் உரிமை வந்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் அதிலிருந்த சந்தேகத்தையும் தீர்த்துவிட்டது, அது தனிக் கதை. உங்கள் தங்கைக்கு அதுகூடத் தேவையில்லை. 25 பவுன் சீர்தான், பாகம் ஆகாது. என் பங்கு வேண்டாம் என்று பதிவான விடுதலைப் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் ஒழிய, இருபது வருடங்களுக்கு மேலாக அந்தத் தோப்பில் இறங்கும் தேங்காயில் அவருக்கும் பங்கு இருக்கிறது. யாருக்கு எத்தனை சென்ட் என்று பத்திரங்களைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். முழுத் தோப்பையும் மச்சினன் மகனுக்கு எழுத உங்களால் முடியாது என்று மட்டும் இப்போதே சொல்லிவிடலாம்.

இந்தப் பிறப்புரிமை நேற்று வந்த யோசனை இல்லை. ஏறக்குறைய தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் சாளுக்கியரின் கல்யாண நகரத்தில், இன்றைய கர்நாடகத்தின் பசவகல்யாணில், விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரம்தான் நம் பக்கத்துச் சட்டத்துக்கு வேர். பிள்ளை பிறக்கும்போதே சொத்தில் உரிமை பிறக்கிறது என்பது அவர் கட்சி. வங்காளத்தில் ஜீமூதவாகனர் இதற்கு நேர் எதிர்: அப்பா போன பிறகுதான் பிள்ளைக்கு உரிமை. இரண்டு பண்டிதர்களின் வாதத்தில் எந்தப் பக்கம் விழுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு வீட்டுக்குள் அப்பாவின் குரல் எவ்வளவு ஓங்கும் என்பது மாறிவிட்டது. கல்கத்தாவில் பிறந்திருந்தால் உங்கள் மிரட்டலுக்கு இன்னும் கொஞ்சம் எடை இருந்திருக்கும். சொத்து என்பது சாஸ்திரத்தால் உண்டாவதல்ல, உலக வழக்கால் உண்டாவது என்றும் விஞ்ஞானேசுவரர் வாதாடியிருக்கிறார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் அது.

சட்டம் இதோடு போதும். உங்கள் கடிதத்தில் இன்னொரு வாதம் இருக்கிறது. நான் உழைத்துக் கட்டியதால் வீடு என்னுடையது, அதேபோல் நான் பெற்று வளர்த்து ஆளாக்கியதால் பிள்ளையும் என்னுடையவன். சாதாரண வாதம் என்று நினைத்துவிடாதீர்கள். முந்நூறு வருடத்துக்கு மேலாகத் தத்துவக்காரர்களை உறுத்திக்கொண்டிருப்பது இதுதான்.

இங்கிலாந்தில் ராபர்ட் ஃபில்மர் என்று ஒருவர். அவர் இறந்து பல வருடம் கழித்து, 1680-ல், அவர் புத்தகம் அச்சேறியது. கடவுள் ஆதாமுக்கு உலகத்தையும் கொடுத்தார், பிள்ளைகள் மேல் ஆட்சியையும் கொடுத்தார். அந்தத் தகப்பன் அதிகாரம்தான் வழிவழியாக வந்து ராஜாக்களின் அதிகாரமாக நிற்கிறது என்றார். யாரும் சுதந்திரமாகப் பிறப்பதில்லை, எல்லோரும் யாரோ ஒரு அப்பாவுக்கு அடங்கித்தான் பிறக்கிறார்கள். இதை உடைக்க ஜான் லாக் என்ற தத்துவக்காரர் 1689-ல் ஒரு நூலே வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், உழைப்பைக் கலந்த பொருள் உழைத்தவனுக்குச் சொந்தம் என்று சொன்னவரும் இதே லாக்தான். அப்படியானால் பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளை? இந்தக் கேள்வியை லாக்கை நோக்கிப் பின்னால் வந்தவர்கள் விடாமல் எறிந்திருக்கிறார்கள். நீங்கள் எறிவதும் அதையேதான். கண்ணையும் மூளையையும் மூச்சையும் எப்படிச் செய்வது என்று எந்த அப்பனுக்கும் தெரியாது, ஆகவே பிள்ளையைச் செய்தவன் அவன் இல்லை, கடவுள்தான் என்று லாக் பதில் சொன்னார். கடவுளை நம்பாதவருக்கு அந்தப் பதில் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவருடைய இன்னொரு பதில்தான் எனக்கு உறைத்தது. தந்தை அதிகாரம் என்று ஏன் சொல்கிறீர்கள், தாய்க்கும் அதே பங்கு உண்டே, பெற்றோர் அதிகாரம் என்று சொல்லிப் பாருங்கள் என்றார். அப்படிச் சொன்ன மாத்திரத்தில் ஒற்றை ராஜா சரிந்துவிடுகிறார். உங்கள் கடிதத்தைத் திரும்பப் புரட்டினேன். மச்சினன் மகன் வருகிறார், சித்தப்பா வருகிறார். உங்கள் மனைவி ஓரிடத்திலும் வரவில்லை. அவர் என்ன சொல்கிறார்?

பிள்ளைகள் மேல் பெற்றோருக்கு இருக்கும் பிடி, பச்சைக் குழந்தையைச் சுற்றும் துணி மாதிரி என்கிறார் லாக். வளர வளர அது தானே தளர்ந்து விழுந்துவிடும். சுற்றியது குழந்தையின் நன்மைக்காக. நம் புறநானூற்றுத் தாயும் இதைத்தான் சொன்னாள்: 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே.' பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது எனக்கு அது வெறும் பாட்டு. வக்கீலான பிறகு 'கடன்' என்ற அந்தச் சொல்லில் கண் நிற்கிறது. உரிமை என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. படிக்கவைத்தீர்கள், ஆளாக்கினீர்கள், கடனை வட்டியோடு தீர்த்தவர் நீங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடனைத் தீர்த்த ரசீதைக் காட்டிப் பட்டா கேட்கிறீர்கள்.

சட்டக் கணக்கில் அந்தத் துணி 18 வயதில் விழுந்துவிடுகிறது, ஆணின் கல்யாணத்துக்கு 21. உங்கள் மகனுக்கு 28. வயது வந்த இருவர் சம்மதித்துவிட்டால் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. மிரட்டல் வந்தால் போலீஸ் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. உறவுக்காரர்கள் யாராவது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேறு மாதிரிப் பேசினால், அன்றே எழுப்பி அனுப்பிவிடுங்கள். சுதந்திரம் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவில் அடிப்படை உரிமையாக இருக்கிறது. சொத்துரிமையை 1978-லேயே அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், இப்போது அது 300ஏ பிரிவில் வெறும் சட்ட உரிமை. இரண்டும் மோதினால் எது கனம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவது வழக்கம்.

மிச்சம் இருப்பது வீடு என்ற அந்த ஒரு கயிறு. லாக் இதையும் விடவில்லை. தனக்குப் பிடித்த பிள்ளைக்குச் சொத்தைக் கொடுக்கலாம் என்ற அதிகாரம் அப்பாக்களுக்கு இருக்கிறது, பிள்ளைகளைக் கட்டிவைக்க அது லேசுப்பட்ட கயிறு இல்லை என்று எழுதினார். அதோடு ஒன்றைச் சேர்த்தார்: அந்தப் பிடி அப்பா என்பதால் வருவதல்ல, சொத்துக்காரர் என்பதால் வருவது. முன்பின் தெரியாத பணக்காரர் ஒருவரும் இதே வீட்டைக் காட்டி உங்கள் மகனிடம் இதே பேரம் பேசலாம். நீங்கள் செய்ய நினைப்பதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை. ஆனால் அதைச் செய்யும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அப்பாவுடையது அல்ல.

'அந்தப் பெண்ணைக் கட்டாவிட்டால் வீடு உனக்கு' என்று நிபந்தனை வைத்து எழுதலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எழுதியவர் போன பிறகு இப்படிப்பட்ட உயில்கள் கோர்ட்டில் படும் பாட்டைப் பார்த்தவள் நான், வேண்டாம் என்பேன். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 128-ஆம் பிரிவில் ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். நான்கு பேர் சம்மதத்தோடு கல்யாணம் செய்தால்தான் பணம் என்று ஒருவருக்கு உயில். அவர் கல்யாணம் செய்துகொள்கிறார். நால்வரில் ஒருவர் சம்மதித்தார். இன்னொருவர் கல்யாணத்துக்கு வந்திருந்தார். மூன்றாமவர் முன்கூட்டியே பரிசு அனுப்பினார். நான்காமவரிடம் மாப்பிள்ளை நேரில் போய்ச் சொன்னார், அவர் மறுத்துப் பேசவில்லை. நிபந்தனை நிறைவேறிவிட்டது என்கிறது சட்டம்! சும்மா இருந்ததையே சம்மதமாக எடுத்துக்கொண்டுவிட்டது. வறண்ட சட்டப் புத்தகத்தில் என்னைச் சிரிக்கவைத்த பக்கங்களில் அது ஒன்று.

மச்சினன் மகனைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. கோபத்தில் அவர் பெயருக்கு தான செட்டில்மெண்ட் மட்டும் போட்டுவிடாதீர்கள். பதிவானதும் வீடு அவருடையது. உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மெண்ட்தான் என்று பிடிவாதம் பிடித்தால், எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அவர் கவனிக்காவிட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் போய் ரத்து கேட்கலாம். வாயால் சொன்ன வாக்கை நம்பி எழுதிக்கொடுத்துவிட்டு, அப்புறம் அங்கே நிற்கும் பெரியவர்களின் வரிசை நீளமானது. 'பேச்சைக் கேட்டு நடக்கும் பையன்' என்றுதான் அவர்களில் பாதிப் பேர் ஆரம்பிப்பார்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி 'வேறு சமூகம்' என்ற இரண்டு சொற்களைத் தவிரக் கடிதத்தில் எதுவும் இல்லை. படிப்பு என்ன, வேலை என்ன, பேச்சு எப்படி, ஒன்றும் இல்லை. ஒருமுறையாவது நேரில் பார்த்தீர்களா?

நேரில் வருவதானால் 1974 பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல், பட்டா, சிட்டா, முடிந்த மட்டும் பின்னோக்கி எடுத்த வில்லங்கச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். வாரிசுச் சான்றிதழில் தங்கை பெயர் கண்டிப்பாக இருக்கும், பாருங்கள். அதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் போட்டு, தோப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அண்ணன் வாயால் கேட்பதற்கும் வக்கீல் நோட்டீசில் படிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. வரும்போது உங்கள் மனைவியையும் அழைத்து வாருங்கள்.